ப்ளக்கும் முகூர்த்தமும்

சூடான ப்ளக்கைத் தொட்டு விரல் நுனியில் தோல் போகாதவன் மோட்டார் சைக்கிள் ரிப்பேர்காரனே இல்லை. கிக்கரை உதைத்து உதைத்துக் கணுக்கால் வீங்கியவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் பதனிடும் சாலையில் நான் தண்ணீர்ப் பம்பு ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தார். அதைக் கழற்றி மாட்டியே தொழிலைக் கற்றேன்.

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்

குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர் ஒருவர் தம் பெண்ணுக்காக என்னைப் பார்க்க வந்தார். அந்த நேரம் பார்த்து வண்டி அடம் பிடித்தது. ப்ளக்கைக் கழற்றி, வயரோடு சிலிண்டர் மேல் சாய்த்து வைத்துக் கிக்கரை உதைத்தேன். சட்டென்று நீலப் பொறி! தோல் உலர்த்துகிறவர்கள் எல்லாம் ஓடி வந்து, "இன்னொரு வாட்டி!" என்று கத்தினார்கள். நான் மறுபடி உதைக்கவும் பெண்ணின் அப்பா ப்ளக்கின் மேல் விரலை நீட்டவும் சரியாக இருந்தது. மனிதர் பின்னால் துள்ளி விழப் பார்த்தார்.

போச்சு சம்பந்தம் என்று நின்றேன். அவர் விரலை உதறிக்கொண்டே சொன்னார்: "பொண்ணு குடுக்கறேன் மாப்ளே. ஆனா மெஷினைக் கட்டி அழறவனுக்கு நேரங்காலம் தெரியாது. முகூர்த்தம் தவறிச்சின்னா, என் தங்கச்சி மவன் பக்கத்துலயே நிப்பான். அவனை மணையில குந்த வச்சிடுவேன்!"

தோல் வாஷர்

கல்யாணத்தன்று காலை. வீட்டார் முந்தின நாளே குடியாத்தம் போய்விட்டார்கள். ரயிலுக்குக் கிளம்பிய நான் பட்டு வேட்டியோடு சாயபுவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். வண்டி சீறியது, ஆனால் இழுக்கவில்லை. "ஒரு பார்வை பாரு தம்பி" என்றார். ப்ளக்கைக் கழற்றினால், அடியில் காற்று கசியாமல் அடைக்கும் செம்பு வாஷர் இல்லை. கருகிப்போன எருமைத்தோல் வட்டம் இருந்தது! செம்பு நசுங்கிவிட்டதென்று எங்கள் மேஸ்திரி செய்த உபகாரம். வேறு ஊராக இருந்தால் நாற்றமே காட்டிக் கொடுத்திருக்கும். ஆம்பூரில் தோல் நாற்றத்தை யார் கண்டுகொள்வது?

பழைய செம்பு வாஷரைத் தேடி எடுத்து, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு, இளக்கி மாட்டுவதற்குள் என் ரயில் ஊதிக்கொண்டு போயேவிட்டது. மேஸ்திரிக்குத்தான் என் மேல் கோபம்: "பம்புக்குத் தோல் வாஷர் போட்டா கம்முனு ஓடுது. இதுக்கு மட்டும் இன்னா கொழுப்பு?"

நாலாக மடித்த பத்திரிகை

"அரே, பேஜாராவாதே தம்பி, பின்னால குந்து!" என்றார் சாயபு. பறந்தோம். வேட்டி ஒரு பக்கம், அங்கவஸ்திரம் ஒரு பக்கம். பாலாற்று மணலில் வண்டி திணறியது. பட் பட்டென்று வெடித்து நின்றது. ப்ளக் முழுக்க எண்ணெய்க் கரி. பெட்ரோலில் நனைத்து அங்கவஸ்திரத்தாலேயே துடைத்தேன். முனைகளுக்கு நடுவில் இடைவெளி சரியில்லை. அளக்க என்ன இருக்கிறது? சாயபுவின் சட்டைப் பையில் என் கல்யாணப் பத்திரிகை! நாலாக மடித்து நுழைத்து, முனையை அதன் மேல் படியத் தட்டினேன். கச்சிதம். மாட்டி உதைத்ததும் வண்டி சிங்கமாய் உறுமியது. சாயபு கைகொட்டிச் சிரித்தார்: "எத்தனையோ பத்திரிகை வந்திருக்கு தம்பி, உன்னுதுதான் ஒரு வேலைக்கு ஆச்சு!"

மூன்று முடிச்சு

கெட்டிமேளத்துக்குக் கை தூக்கியாகிவிட்டது. தங்கச்சி மகன் புது வேட்டியில் மணைக்குப் பக்கத்தில் தயாராக நிற்கிறான். வண்டியிலிருந்து குதித்து ஓடி மணையில் உட்கார்ந்தேன். மாமனார் என் கையையே பார்த்தார். பத்து விரலும் கரி. மஞ்சள் கயிற்றை எடுத்தேன். தொட்ட இடமெல்லாம் கறுப்பு. சபையே சலசலத்தது.

மணையில் பக்கத்தில் இருந்தவள் இன்று இல்லை. ஆனால் அன்று குனிந்த தலை நிமிராமல் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னது காதிலேயே இருக்கிறது: "கறுப்பானா ஆவட்டும். முடிச்சை இறுக்கிப் போடுங்க. இதையும் கழட்டிப் பாக்கணும்னு சொல்லிடாதீங்க."

மொத்தத்தில், மோட்டார் சைக்கிள் ஒருவனை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் சேர்க்குமே தவிர, சுத்தமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கவே சேர்க்காது.