படங்குன்னா என்னன்னு கேட்டேன்

நாலு வருஷத்துக்கு முந்தி, தலவாக்கலை டவுன்ல நான் தையல் கடை வச்சிருந்த நேரம் நடந்தது இது. ஒரு மெசின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, வாசல்ல பெரிய போர்ட். அந்தப் போர்ட்டுல எனக்கு அப்படியொரு பெருமை.

தீபாவளிக்கும் ஸ்கூல் தொடங்குற நேரத்துக்கும் ஆள் வருவாங்க. மத்த மாசமெல்லாம் ஈ ஓட்டுறதுதான். இப்படியே போனா கடைய மூடணும்னு தெரியும். ஆனா புதுசா தையல் ஆர்டருக்கு எங்க போறதுன்னு தெரியல. நோட்டீஸ் அடிச்சு பஸ் பஸ்ஸா ஏறிக் குடுத்தேன். போன்ல படம் போட்டேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல.

ஒருநாள் மழையில, அக்கரப்பத்தனை பக்கம் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா கடைக்கு வந்தாங்க. அந்த நேரம் பாத்து, யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருத்தங்க பிளவுசுக்கு அளவு குடுத்துக்கிட்டு நின்னாங்க.

"தங்கச்சி, படங்கு தைப்பீங்களா?"ன்னு அக்கா கேட்டாங்க.

செடி கிழிக்காம, மழை நனைக்காம கொழுந்து எடுக்கிறவங்க இடுப்புல சுத்திக் கட்டுறதுதான் படங்கு. என் அம்மா முப்பது வருஷம் கட்டுனது. நான் பொறந்து வளந்ததே தோட்டத்து லயத்துலதான், தொழிலாளிங்க வரிசை வீட்டுல. ஆனா டீச்சர் முன்னால அது தெரிஞ்சிடக் கூடாதுன்னு ஒரு வறட்டு கௌரவம்.

"படங்கா? அப்படின்னா என்னாங்க?"ன்னு கேட்டுட்டேன்.

பாவம், அவங்க நம்பிட்டாங்க. இடுப்பச் சுத்திக் கையால காட்டிப் பொறுமையா வெளக்குனாங்க. "வெறும் பிளாஸ்டிக் சீட்ட கயித்தால கட்டுறோம் தங்கச்சி, முடிச்சு இடுப்ப அறுக்குது. பட்டி வச்சு, வெத்தலையும் போனும் வைக்க ஒரு பாக்கெட் வச்சுத் தச்சா நல்லாருக்கும். ஒண்ணு தச்சுக் குடுங்க. நான் அதக் கட்டிக்கிட்டு மலையில நின்னா போதும், எல்லாரும் கேப்பாங்க."

நான் அளவு டேப்ப சுருட்டிக்கிட்டே, "நாங்க நல்ல உடுப்பு மட்டும்தாங்க தைக்கிறது"ன்னு சொன்னேன். "தெரியாமக் கேட்டுட்டேன், கோவிச்சுக்காதீங்க"ன்னுட்டு மழையிலயே எறங்கிப் போயிட்டாங்க.

டீச்சர் என்னையே பாத்தாங்க. "நல்ல வேலை ஒண்டெல்லோ பிள்ளை, ஏன் வேண்டாம் எண்டனீங்கள்?"ன்னு கேட்டாங்க. யாருக்காக மறைச்சேனோ அவங்களே கேக்குறாங்க. நான் குனிஞ்சு அவங்க பிளவுஸ் அளவ எழுத ஆரம்பிச்சேன்.

அடுத்த வருஷம் பஸ்ல ஊருக்குப் போறப்ப பாத்தேன். மலை முழுக்க பட்டி வச்ச, பாக்கெட் வச்ச படங்கு. அந்த அக்காவோட லயத்துலயே ஒருத்தங்க பழைய கை மெசின்ல தச்சதாம். ஒண்ணுதான் மொதல்ல தச்சாங்களாம். இப்போ பக்கத்துத் தோட்டத்துலேருந்தெல்லாம் ஆர்டர் வருதாம். பஸ்ல ஒரு அம்மா அதப் பெருமையாச் சொல்லிக்கிட்டு வந்தாங்க. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. அது என்மேலயேதான்.

அதுக்குள்ள என் கடைய மூடியாச்சு. போர்ட் இப்போ வீட்டுல கோழிக்கூட்டுக்குக் கூரை.

மனசு தாங்காம அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நல்லா திட்டுவாங்கன்னு நெனச்சேன். "தெரியாதுன்னா சொன்ன?"ன்னு மட்டும் கேட்டாங்க. பெறகு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

இப்போ வீட்டுலேயே தைக்கிறேன். ஒரு பழைய கொப்பி வச்சிருக்கேன். யாராவது வந்து நம்மகிட்ட இல்லாத ஒண்ணக் கேட்டா, இல்லைன்னு சொல்ல மாட்டேன். மொதல்ல அதுல எழுதிக்குவேன். தொட்டில் துணி, மழைக்கு ஸ்கூல் பேக் உறை எல்லாம் அப்படி வந்த வேலைதான். நோட்டீஸ் மாதிரி இல்ல, இதுக்கு அஞ்சு சதம் செலவில்ல. இந்தப் புத்தி அன்னைக்கே இருந்திருக்கணும்.

கடை போன வருத்தம் கொஞ்சம் கொஞ்சமா ஆறிப் போச்சு. ஆனா என் அம்மா காலமெல்லாம் இடுப்புல கட்டுனத, இன்னொருத்தங்க எனக்கு வெளக்கிச் சொல்லும்படி நின்னேனே, அந்த வெக்கம் மட்டும் இன்னும் ஆறல.