பேர் சொல்லாத ஜெபக்குறிப்பு

கோயிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாட்டுப் பாடினால் என் இடது காது அடைத்துப்போகும். அப்படியொரு குரல் அவருக்கு. பாட்டுப்புத்தகத்தைக் கையில் விரித்து வைத்திருப்பது பார்வைக்குத்தான், முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஓர்கன் வாசிப்பவர் எங்காவது தடுமாறினால், அவரைக் கையில் பிடித்து அடுத்த வரிக்குக் கூட்டிப்போவதும் அம்மாவின் குரல்தான். அச்சுவேலிக்குக் கிட்ட, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கிற அந்தப் பழைய மிஷன் கோயிலில் அம்மாவின் பாட்டு இல்லாத ஒரு ஞாயிறை நான் அறிந்ததில்லை. ஆகவே எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காது அடைக்கவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் வாய் எல்லோருடைய வாயையும் போல அசைந்துகொண்டிருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் என் தம்பி பிறக்காமலே இறந்துபோயிருந்தான். யுத்தம் முடிந்து, போனவர்களில் திரும்பக்கூடியவர்கள் திரும்பிவந்து, "இனி நல்ல காலம்தான்" என்று ஊரில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எனக்குப் பிறகு பன்னிரண்டு வருடம் கழித்து அம்மாவின் வயிற்றில் தங்கிய பிள்ளைக்கு ஏழாம் மாதத்தில் துடிப்பு நின்றுபோனது. துக்கம் விசாரிக்க வந்த கோயில்காரர் எல்லோரும் நல்லவர்கள், இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தவர்கள், போகும்போது மட்டும் ஆளுக்கொரு வசனத்தை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். "ஆண்டவர் தன்ரை தோட்டத்துக்கு ஒரு பூ எடுத்திருக்கிறார்" என்பது ஒன்று. "விசுவாசியின்ரை முகம் வாடப்படாது" என்பது இன்னொன்று. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அம்மா "ஓம், ஓம்" என்று சொல்லிப் பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

பாட்டு நின்றுபோன அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குசினியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, ஏன் பாடவில்லை என்று கேட்டேன். திருவலையில் கை நின்றது. "நான் அவரோட கோவம், பிள்ளை" என்றார். ஆரோடு என்று எனக்கு விளங்கவில்லை; கையிலிருந்த தேங்காய்ப் பாதியால் மேலே முகட்டைக் காட்டினார். "அவருக்குத் தோட்டத்தில பூவில்லாமலோ என்ரை பிள்ளையை எடுத்தவர்? நான் இப்ப அவரோட கதைக்கிறேல்லை."

"கோவம்" என்பது எங்கள் வகுப்பில் தினமும் புழங்கிய சொல். சினேகிதி அழிறப்பரைத் தரவில்லை என்றால் அவளோடு கோவம். இரண்டு நாள் கதைக்காமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் நேசமாகிவிடுவோம். ஒரு பெரிய மனுஷி, அதுவும் என் அம்மா, அதே சொல்லை ஆண்டவரிடம் பாவித்தது எனக்கு உடனே விளங்கியது. துக்கம் என்று அவர் சொல்லியிருந்தால் இவ்வளவு விளங்கியிராது. "ஒருத்தரிட்டையும் சொல்லாதை, அப்பாட்டையும்" என்றார். நான் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

அதன் பிறகு சில வாரங்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் குசினிக்குள்தான் இருந்தேன். அம்மா கதைத்தார். தம்பிக்கு என்ன பெயர் வைத்திருந்தார், எந்தச் சீலையைக் கிழித்துத் துணி தைத்து வைத்திருந்தார், அது இப்போது அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். இடையில் அழுவார். அழுதுவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அழுகிற அம்மாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. ஊரில் இத்தனை பெரியவர்கள் இருக்க, அவர் என்னைத் தேர்ந்தெடுத்தாரே என்று.

பயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஞாயிறு பாடசாலையில் நாங்கள் படித்த கதைகளில் ஆண்டவரிடம் முறுமுறுத்தவர்களுக்கு நல்லது நடந்ததாக ஞாபகமில்லை. நிலம் பிளந்து ஆட்களை விழுங்கிய படம் ஒன்று எங்கள் வகுப்புச் சுவரிலேயே தொங்கியது. அம்மா அவரோடு கோவம் என்றால், அவரும் அம்மாவோடு கோவித்துக்கொண்டால்? தம்பியை எடுத்தவருக்கு அம்மாவை எடுக்க எவ்வளவு நேரம்? எனக்கு நித்திரை வராமல் போனது, சோறு இறங்கவில்லை, கணக்குப் பாடத்தில் புள்ளி குறைந்தது.

எங்கள் ஞாயிறு பாடசாலையை நடத்தியவர் மலர் ரீச்சர். கல்யாணம் செய்யாதவர், வெள்ளைச் சீலை, சைக்கிள், வாய் ஓயாத ஜெபம். எங்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மழையிலும் சைக்கிளில் வந்து தலைமாட்டில் முழங்காலில் நிற்பார்; அவரை வெறுக்க ஒருவருக்கும் காரணம் இருக்கவில்லை. அந்த வருடம் ரீச்சர் ஒரு பழைய பிஸ்கற் பேணியின் மூடியில் நீளமாக வாய் வெட்டி மேசையில் வைத்தார். மனதில் பாரமாயிருப்பதை ஆளுக்கொரு துண்டில் எழுதி உள்ளே போட வேண்டும், மாதக் கடைசியில் கோயிலுக்குப் பின்னால் அதை அப்படியே எரிப்பது, புகை மேலே போகும். "ஒருத்தரும் வாசிக்க மாட்டினம் பிள்ளையள். நானும் வாசிக்க மாட்டன். இது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில" என்றார். இப்போது நினைத்தாலும் அந்த யோசனை நல்ல யோசனைதான்.

கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாளில் எழுதினேன். அம்மா உங்களோடு கோவம், அவர் கோயிலில் பாடுவதில்லை, சும்மா வாயைத்தான் அசைக்கிறார், தம்பியை எடுத்ததால்தான், அவருக்கு ஒன்றும் செய்துபோடாதையுங்கோ, என்று எழுதிக் கீழே, ஆண்டவருக்கு ஆள் மாறிவிடக்கூடாதே என்று என் முழுப்பெயரையும் போட்டேன். நாலாக மடித்து வாய்க்குள் தள்ளினேன். வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அந்தக் கிழமை புதன்கிழமை வீட்டுக்கூட்டம் எங்கள் முறை. வீட்டுக்கூட்டம் என்றால், பின்னேரம் ஐந்தரைக்குக் கோயில்காரர் இருபது பேரளவில் ஒரு வீட்டில் கூடிப் பாடி, கடைசியில் ஆளாளுக்கு "குறிப்பு" கொடுப்பார்கள். மகனின் விசாவுக்கு, முழங்கால் நோவுக்கு, பரீட்சைக்கு என்று குறிப்பு வரும், எல்லோருமாக ஜெபிப்பார்கள். பிறத்தியாருக்காகவும் குறிப்பு கொடுக்கலாம். பெயர் சொல்ல முடியாத விஷயமென்றால் பெயரை விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் சொல்வது வழக்கம். இது பிறர் கதையை ஊருக்குச் சொல்வது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை, அது ஜெபம் அல்லவா. அயலாரிடம் கதிரைகள் வாங்கிப் போட்டு, பாய் விரித்து, அம்மா வடை சுட்டு வைத்திருந்தார்.

விசாவும் முழங்காலும் முடிந்த பிறகு மலர் ரீச்சர் எழும்பினார். "எங்கடை நடுவில ஒரு சகோதரி இருக்கிறா. பேர் சொல்ல விரும்பேல்லை. பிள்ளையைப் பறிகுடுத்த துக்கத்தில ஆண்டவரோட கோவிச்சுக்கொண்டு இருக்கிறா. கோயிலில பாடுறேல்லையாம், வாயை மட்டும் அசைக்கிறாவாம். அவவுக்காகப் பாரத்தோட ஜெபிப்பம்."

பேர் சொல்லவில்லை என்பதில் அவருக்கு உண்மையாகவே திருப்தி. அந்த அறையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஒரேயொருவர். இருபது பேரும் கண்ணை மூடிய வேகத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. நான் மூடவில்லை. அப்பாவும் மூடவில்லை, வாசலடியில் நின்றபடி, ஆரோ பிற மனுஷியைப் பார்ப்பதுபோல அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் பெண்சாதியின் துக்கம் இன்னதென்று அவருக்கும் அந்தக் குறிப்பில்தான் தெரியவந்தது. ரீச்சர் கண்ணீர் வழிய நெடுநேரம் ஜெபித்தார். அந்தக் கண்ணீர் நடிப்பில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்காத விஷயம்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மற்றவர்களுக்கு ஒரு நொடி முந்தித் தெளிவாக "ஆமென்" என்றார். "இருங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்" என்று எழும்பிப் போனார். முதல் கோப்பையை மலர் ரீச்சருக்குத்தான் கொடுத்தார். ரீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அம்மா சிரித்துக்கொண்டு நின்றார்.

எல்லோரும் போன பிறகு குசினியில் கோப்பைகளைக் கழுவியபடி, திரும்பிப் பாராமல் சொன்னார்: "இந்தக் கதை ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்டு நான்."

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை அம்மா" என்றேன். வாயால் சொல்லவில்லை என்ற அளவில் அது பொய்யில்லை என்று அப்போது என்னையே சமாளித்துக்கொண்டேன். பேணியைப் பற்றியும் எரிப்பதைப் பற்றியும் ரீச்சர் தந்த வாக்கைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். சொன்னால் எழுதியதை ஒத்துக்கொள்ள வேண்டும். அடிப்பார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அடித்திருந்தால் நானும் அழுதிருப்பேன், அவரும் அழுதிருப்பார், அதோடு முடிந்திருக்கும். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, போய்ப் படி" என்றார்.

அடுத்த ஞாயிறு அம்மா பாடினார். என் காது வலிக்கிற அளவுக்குப் பாடினார். முன்வரிசையில் தலைகள் திரும்பின. சாட்சி சொல்லும் நேரத்தில் மலர் ரீச்சர் எழும்பி, ஆண்டவர் நாலே நாளில் ஜெபத்தைக் கேட்டார் என்று சொன்னார், கோயில் முழுக்க அல்லேலூயா என்றது, அம்மா அதே சிரிப்போடு இருந்தார். அது பொய்ப் பாட்டு என்று அந்தக் கோயிலில் தெரிந்த ஒரே ஆள் நான். அதையும் என்னிடம் அவர் சொல்லவில்லை, நானாகத்தான் அறிந்துகொண்டேன்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்த ரீச்சரிடம் போய், "ஒருத்தரும் வாசிக்க மாட்டினம் எண்டு சொன்னனீங்கள்" என்றேன். ரீச்சர் குனிந்து என் கன்னத்தைத் தடவினார். "நான் வாசிக்கேல்லைப் பிள்ளை. ஆண்டவர் என்ரை கண்ணில காட்டினவர். பாத்தியே, அம்மா பாடிப்போட்டா. நீ சந்தோசப்பட வேணும்." பிறகு, மனதில் கசப்பு வைத்தால் அதுவும் பாவம் என்று சொல்லி, அந்த மரத்தடியிலேயே என்னைக் கண்மூடச் சொல்லி, தன்னை நான் மன்னிப்பதாகத் தன் வாயாலேயே ஜெபித்து முடித்தார். நான் ஆமென் சொன்னேன். வேறென்ன செய்ய? அந்தப் பேணிக்குள் அதன் பிறகு, "பரீட்சை நல்லாச் செய்ய வேணும்" என்று மட்டும் எழுதிப் போட்டேன்.

குசினிக் கதையும் அதோடு நின்றது. பள்ளிக்கூடத்தால் வந்து வழக்கம்போலக் குசினிக்குள் போய் நிற்பேன். அம்மா கதைப்பார், கதைக்காமலில்லை. அரிசி விலை, மாமியின் கடிதம், என் சட்டையின் நீளம். பாசத்தில் ஒரு குறைவும் இல்லை. ஒருநாள் அலுமாரியைத் திறந்து பார்த்தேன், தம்பியின் துணி அந்தத் தட்டில் இல்லை. எங்கே என்று கேட்காமல் அலுமாரியைச் சாத்தினேன்.

இன்று நான் வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆலோசனை ஆசிரியை. பிள்ளைகள் வந்து சொல்வதைக் கேட்பது என் வேலை. ஆண்டவரோடு கோவம் என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தக் கோவத்தை அவரிடமே போய்ச் சொல்லு, அவர் தாங்குவார், என்றுதான் சொல்கிறேன். வேதத்தில் அவரோடு சண்டைபிடித்தவர்கள் கொஞ்ச நஞ்சமில்லை, கோவம் என்று சொல்கிறவருக்கு அவர் இன்னும் இருக்கிறார் என்றுதானே அர்த்தம். அம்மா தன்பாட்டில் கோவித்திருந்து, தன்பாட்டில் நேசமாகியிருப்பார். அந்த நாட்களை அவரிடமிருந்து பறித்தார்கள். பறித்ததில் என் கையெழுத்தும் உண்டு. மலர் ரீச்சரை மன்னித்துவிட்டேனா என்றால், பாதி மன்னித்திருக்கிறேன். மீதி எனக்கு இன்னும் கோவம்தான், பாவமென்றால் பாவமாக இருக்கட்டும்.

ரீச்சர் கனடாவுக்குப் போய்விட்டார். பேணி எங்கே போனதோ தெரியாது, வீட்டுக்கூட்டமும் அருகிவிட்டது. குறிப்புகள் இப்போது வாட்ஸ்அப்பில், நோயாளியின் பெயர், வார்ட்டு, கட்டில் இலக்கம் சகிதம் வருகின்றன. எல்லாவற்றுக்கும் கீழே அம்மா ஆமென் போடுகிறார்.

போன மாதம் கை முறிந்த ஒரு மாணவனோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனை எக்ஸ்ரே அறைக்குள் அனுப்பிவிட்டுத் திரும்பினால், கிளினிக் வாசலில் நீட்டு வாங்கில், கையில் இலக்கத் துண்டோடு அம்மா இருந்தார். மார்பில் ஒரு கட்டியாம், கண்டு இரண்டு மாதமாம், ஊசியால் எடுத்துச் சோதிக்கக் கொடுத்தாயிற்றாம், அன்றைக்குத்தான் மறுமொழி சொல்வார்களாம். பக்கத்தில் இருந்தேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன்.

"ஏனம்மா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? ரெண்டு மாசமாத் தனியவோ பயந்துகொண்டு திரிஞ்சனீங்கள்?"

"தனிய எண்டு ஆர் சொன்னது? ஆண்டவருக்குச் சொன்னனான் தானே பிள்ளை" என்றார். குத்திக்காட்டவில்லை. என் கண்ணைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டார், அவ்வளவு அன்பாக.

உள்ளேயிருந்து அவர் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். நானும் எழும்பினேன். அம்மா தன் கைப்பையை என் கையில் தந்து, "இதைக் கவனமா வைச்சுக்கொண்டு இஞ்சை இரு, வாறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.