அக்கா சொன்ன காரணங்கள்

அந்த ரொட்டித் தொழிற்சாலையின் தலைமைக் குழுவில் ஆறு பேர். ஐந்து பேர் முதலாளி வாயைத் திறந்தால் தலையாட்டுவதற்கென்றே பிறந்தவர்கள். ஆறாவது ஆள், பணியாளர் நிர்வாகம் பார்க்கிற அக்கா. தொழிற்சாலை முழுக்க அவளுக்கு அதுதான் பெயர்.

முதலாளிக்கோ வாரத்துக்கொரு ஞானோதயம். ஷிப்ட் மாறும், பொட்டலத்தின் நிறம் மாறும், போன மாதம் பிரித்த பிரிவை இந்த மாதம் ஒட்டுவார். ஏன் என்று ஒருவருக்கும் புரியாது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கேட்கவும் மாட்டார்கள். டீ ஆறுவதற்குள் அக்கா அதற்கொரு காரணம் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவாள். அப்பாடா, இவ்வளவுதானா என்று குழுவே நிம்மதியாக எழுந்து போகும். தான் செய்தது இன்னதென்று முதலாளிக்கே அப்போதுதான் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை, அடுப்புப் பிரிவை மூடப்போவதாகச் சொன்னார். இனி ரொட்டியை வெளியில் சுட்டு வாங்குவார்களாம். அந்தப் பிரிவின் மேஸ்திரி அக்காவின் கூடப்பிறந்த தம்பி. அம்மா போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன்.

"உங்க தம்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னா சத்தம் போட மாட்டான்," என்றார் முதலாளி.

அவள் வேண்டாம் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னாளா? மகராசி, தம்பியை உட்காரவைத்து, சந்தை, செலவு, எதிர்காலம் என்று விலாவாரியாக எடுத்துச் சொன்னாள்.

"நீ சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்," என்று அவன் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

இரண்டே மாதம். வெளியில் சுட்ட ரொட்டி கல்லு மாதிரி வந்தது. கடைக்காரர்கள் வண்டி வண்டியாகத் திருப்பி அனுப்பினார்கள்.

"நம்ம அடுப்பையே பத்த வைங்க," என்றார் முதலாளி, நெருப்பையே அவர்தான் கண்டுபிடித்தது போல.

"அப்போ என் தம்பி?" வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த அறையில் அவள் கேட்ட முதல் கேள்வி.

"அவனுக்குப் பழைய சம்பளம் தரணுமே. பாதிச் சம்பளத்துக்கு ஆள் பிடிச்சாச்சு."

ஐந்து பேரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

அடுப்பு பற்றவைத்த அன்று சாயங்காலம், வாசலில் தம்பி நின்றிருந்தான். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தான். புகைபோக்கியில் புகையைப் பார்த்துவிட்டானாம், பாவம்.

"அடுப்பு எரியுதேக்கா! நாளைக்கே வந்துடட்டுமா?"

அவள் அழுதிருக்கலாம். அவன் காலில் விழுந்திருக்கலாம். பாழாய்ப்போன நாக்கு, பழக்கதோஷம், தானாகவே ஓடியது.

"நிலைமை மாறிடுச்சுடா. புது ஏற்பாட்டுக்குப் புது ஆளுங்க தேவைப்படுறாங்க. யோசிச்சுப் பாத்தா இது உனக்கும் நல்லதுதான்..."

அவள் முடிக்கும்வரை அவன் கேட்டான்.

"புரிஞ்சுதுங்க மேடம்," என்றான்.