பெட்டிச் சாப்பாடும் மிச்சச் சோறும்

மதுரையில் அந்த மருத்துவமனையின் இரண்டாவது மாடி நடைகூடத்தில் ஓர் எடை இயந்திரம் இருந்தது. அதற்கு எதிரே நீளமான பெஞ்சில் ஆட்கள் காத்திருப்பார்கள். நர்ஸ் எடையைப் பார்த்து, அறைக்குள் இருக்கும் டாக்டருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வார். "தொண்ணூத்தி நாலு!" என்று அவர் கூவியபோது பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நானும் ஒவ்வொருவராகத் திருப்பிப் பார்த்தேன். பிறகுதான் இறங்கினேன்.

நான் நோயாளியாக அங்கே போகவில்லை. என் மகன் அருளுக்கு என் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுக்கப் போயிருந்தேன்.

"ரத்த வகை பொருந்துது. பிரஷர், சுகர் எதுவும் இல்ல. எடை மட்டும்தான் இடிக்குது. எண்பதுக்குக் கீழ வாங்கம்மா, மேற்கொண்டு பார்ப்போம்" என்றார் டாக்டர்.

"எம்புட்டு நாளைக்குள்ள வரணும், டாக்டர்?"

"அது உங்க கையிலதான் இருக்கு."

எல்லாம் என் கையில் இருந்தால் நான் ஏன் இவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பக்கத்தில் அருள் இருந்தான்.

அருளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, திண்டுக்கல்லில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வத்தலக்குண்டு போய் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தான். ஒருநாள் காலையில் முகம் உப்பியபடி எழுந்தான். மறுநாளும் அப்படியே. "அம்மா வாகு வந்துருச்சு" என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். பாதம் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனபோதுதான் சிரிப்பு நின்றது. இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய செயலிழந்துவிட்டன என்றார்கள். செவ்வாயும் வெள்ளியும் விடியுமுன் பஸ் பிடித்து மதுரைக்குப் போய் டயாலிசிஸ் (இயந்திரத்தின் மூலம் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) தொடங்கியது. என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அவரால் கொடுக்க முடியாது. மிச்சம் நான்தான்.

எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிவுரை சொல்வதற்கு எனக்குத் தகுதி கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் கூட்டுறவு வங்கியில் காசாளர். நாள் முழுவதும் கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலியில் இருப்பவள். அங்கே உடன் வேலை பார்த்த ஒருத்தி, மதுரையில் ஓர் எடை குறைப்பு மையம் இருப்பதைச் சொன்னாள். அங்கே அறிவுரைப் பேச்சே கிடையாது, சாப்பாட்டுப் பெட்டிதான். காலைக்குத் தண்ணீரில் கலக்கும் பொடி. மதியத்துக்கும் இரவுக்கும் மூடி ஒட்டிய சிறு பெட்டிகள். கோழி, முட்டை, பனீர், தேங்காய்ப்பால், வெண்ணெய், கொஞ்சம் கீரை. கொழுப்பு தாராளமாக, மாவுச்சத்து இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவாக. அப்படிச் சாப்பிட்டால் உடம்பு தன் கொழுப்பையே எரித்து கீட்டோன் (கொழுப்பு எரியும்போது ரத்தத்திலும் சிறுநீரிலும் சேரும் பொருள்) உண்டாக்கும். சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்தால் அது கத்திரிப்பூ நிறத்துக்கு மாறும். மாறினால் எடை குறைகிறது என்று பொருள்.

சேர்ந்த அன்றே என்னைப் பக்கவாட்டில் நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். பெட்டிகள் காலை பஸ்ஸில் வந்துவிடும். என் கணவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வருவார்.

ஒரு வாரம், இரண்டு வாரம் ஆயிற்று. பட்டை வெளுத்தபடியே இருந்தது. மையத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கேட்டாள்.

"கலர் வந்துச்சா மேடம்?"

"வரலம்மா."

"அப்ப நீங்க ஏமாத்துறீங்க. வேற ஏதோ சாப்பிடுறீங்க."

"சத்தியமா எனக்குன்னு வேற ஒண்ணும் சமைக்கல. ஒரு பொரியல்கூடக் கிடையாது. உங்க டப்பா ஒண்ணுதான் வெஞ்சனம்."

அவள் மெதுவாகக் கேட்டாள். "எதுக்கு மேடம் வெஞ்சனம்?"

"சோத்துக்குத்தான்."

ஆமாம். அத்தனை நாளும் அந்தப் பெட்டியைப் பிரித்து, தட்டில் சோற்றைப் போட்டு, அதற்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். படித்தவள், கணக்கில் பிசகாதவள். வேறு எதையும் சமைக்க வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறேன். உள்ளங்கை அகலப் பெட்டியில் நாலு துண்டு கோழியைப் பார்த்து, இதுதான் முழுச் சாப்பாடு என்று எங்கள் ஊரில் யாருக்குத் தோன்றும்? அருள் இதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "யம்மா, டப்பாக்காரனே அழுதுருப்பான்!" நோய் வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சோற்றை நிறுத்தினேன். பொய் சொல்ல மாட்டேன், பெட்டி வேலை செய்தது. பட்டை கத்திரிப்பூ நிறமானது. ஏழு கிலோ குறைந்தது. வாயில் பழம் அழுகிய வாடை, கெண்டைக்கால் பிடிப்பு, மலச்சிக்கல், தலைவலி எல்லாம் இருந்தன. தாங்கினேன். அந்தப் பெட்டிச் சாப்பாட்டில் இன்றும் திருப்தியாக இருப்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அவர்கள் யாரும் உறுப்புக் கொடுக்கப் போகிறவர்கள் இல்லை.

ஏழு கிலோ குறைந்த பெருமையோடு மதுரைக்குப் போனேன். டாக்டர் பரிசோதனைத் தாளை இரண்டு முறை பார்த்தார். சிறுநீரில் கீட்டோன். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) முன்பைவிடக் கூடியிருந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"யாரைக் கேட்டு ஆரம்பிச்சீங்க?"

"குறைக்கச் சொன்னீங்க. எப்பிடின்னு நீங்க சொல்லலயே."

அவருக்குக் கோபம் வந்தது. எனக்கும்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க கிட்னியில நிஜமாவே கோளாறா, இல்ல இந்தச் சாப்பாட்டால ரிப்போர்ட் அப்படிக் காட்டுதா, எனக்குத் தெரியல. தெரியாம உங்க மேல கத்தி வைக்க மாட்டேன். இதை நிறுத்துங்க. உணவு ஆலோசகரைப் பாருங்க. அப்புறம் மறுபடி எல்லா டெஸ்ட்டும் எடுக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் மையத்துக்குச் சொல்லிப் பெட்டியை நிறுத்தினேன்.

செய்தி எப்படியோ பரவியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் அக்கா வந்தார்.

"ஏம்மா லூர்து, கோழியும் வெண்ணெயுமா டப்பாவுல வாங்கித் தின்னா ஒடம்பு எப்பிடிக் குறையும்? பெத்த மகன் உசுருக்குப் போராடுறான். ஒனக்கு வாயைக் கட்ட முடியலயாக்கும்?"

"மதினி, உங்களுக்கும் ரெண்டு கிட்னி இருக்குல்ல?" என்றேன். "எடையும் அம்பதைத் தாண்டாது. நாளைக்கே மதுரைக்குப் போவமா?"

"எனக்கு... எனக்கு வயசாயிருச்சுல்ல."

உள்ளே படுத்திருந்த அருள் குரல் கொடுத்தான். "அத்தை, கவலப்படாதீங்க, ஜன்னல் சீட்டு பிடிச்சுத் தாரேன்!"

மதினி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். என் கணவர் என்னைக் கடிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் மதினி வைத்த காப்பியை எடுத்துக் குடித்தார், சர்க்கரை போட்ட காப்பியை.

உணவு ஆலோசகர் என் மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண். முதலில் அச்சடித்த ஓர் அட்டவணையை நீட்டினார். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், ஏதோ ஒரு மீன்.

"இதெல்லாம் எங்க ஊர்ச் சந்தையில கிடையாதும்மா. இதுக்கு அந்தப் பெட்டியே தேவல."

கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அட்டவணையைக் கவிழ்த்து வைத்தார். "சரி, இத விடுங்க. நேத்து காலையில இருந்து என்ன சாப்பிட்டீங்க? வரிசையாச் சொல்லுங்க."

சொன்னேன். இட்லி, அளவுச் சோறு, மோர், கீரை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இவ்வளவுதானா? இதுக்குத் தொண்ணூத்தி ஒண்ணு வராதே. டப்பாவுல குறைஞ்ச ஏழுல நாலு திரும்பியிருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அருள் நேத்து மதியம் எவ்வளவு சாப்பிட்டார்?" என்றார்.

"ரெண்டு வாய்."

"மீதி?"

நான் கவிழ்ந்து கிடந்த அட்டவணையைப் பார்த்தேன்.

"மீதியை யாரும்மா சாப்பிட்டா?"

டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து அவனுக்குப் பசி செத்துவிட்டது. உப்பில்லாமல், காய்களை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அவனுக்கென்று தனியாகச் சமைப்பேன். என்றைக்காவது ஒருநாள் முழுத் தட்டும் காலியாகும் என்று நிறையவே போடுவேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளுவான். அதைக் கொட்ட எனக்குக் கை வராது. அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிடுவேன். அது என் சாப்பாட்டுக் கணக்கில் ஒருநாளும் சேர்ந்ததில்லை. பெட்டி வந்த நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு என் கணவர் கையில் கொடுத்துக் கொட்டச் சொன்னேன். பெட்டி நின்றதும் கை பழையபடி அங்கே போய்விட்டது. அவன் படுத்த பிறகு நான் பன்னிரண்டு கிலோ கூடியிருந்ததற்கு அன்றுதான் காரணம் தெரிந்தது. அவன் விட்ட உணவை நான் விட்டால், அவனையே விட்டுவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

அந்த அறையில் வைத்து அழுதேன். பெட்டி எனக்கு எதைச் சாப்பிட வேண்டும் என்று சொன்னது. ஏன் சாப்பிடுகிறேன் என்று அது கேட்கவில்லை. அதற்கு வாய் கிடையாது.

"வாரத்துக்கு அரைக் கிலோ போதும்மா" என்றார் கடைசியில்.

"எம் மகனுக்கு அம்புட்டு நாள் இல்ல."

"நாலு கிலோ திரும்பி வந்துச்சே, அந்த நாளெல்லாம் யார் கணக்கு?"

வீட்டுக்குப் போய் அருளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்று முதல் அருளே தன் தட்டில் தானே பரிமாறிக்கொண்டான். ஒரு கைப்பிடிதான் போட்டான். மிஞ்சியதைத் தானே கொட்டினான். "யம்மா, என் தட்டைப் பாக்காத, சுவத்தைப் பாரு" என்பான். நான் ஒரு கரண்டிச் சோறு, இரண்டு மடங்கு காய் என்று மாறினேன். காலையில் மலைக்கோட்டை அடிவாரத்தில் நடப்பேன். அவன் கூட வந்து ஒரு கல்லில் உட்கார்ந்துகொள்வான். நான் சுற்றி வரும்போதெல்லாம், "இன்னொரு ரவுண்டு போ, மூச்சு நல்லாத்தான் இருக்கு" என்று விரட்டுவான்.

நடுவில் ஒரு நாள் அவன் கையிலிருந்த ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்யும் வழி) அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள். கிருமி தொற்றினால் ஆபத்து என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் எடை குறைப்பு மையத்தின் எண்ணை அழுத்தப் போனேன். அருள் வந்து தொலைபேசியின்மேல் கையை வைத்தான்.

"டப்பாவா?"

"சீக்கிரம் குறையணும்ல, அப்பு."

"மறுபடி டெஸ்டுல தப்பா வந்தா? மறுபடி முதல்ல இருந்தா? கழுத்துக் குழாயச் சட்டைக் காலர் மறைச்சுக்கும். நீ உன் வழியில போ."

மறுநாள் ஆலோசகரிடம் பேசினேன். டாக்டரைக் கேட்டுவிட்டு, மதியம் மட்டும் சோற்றை நிறுத்தி இரண்டு முட்டையும் காயும் சுண்டலும் சாப்பிடச் சொன்னார். "பெட்டியில இருந்த நல்லதை மட்டும் எடுத்துக்குவோம்" என்று சிரித்தார். இதைச் செய்யலாமா என்று நீங்கள் என்னைக் கேட்காதீர்கள். உங்கள் டாக்டரைக் கேளுங்கள். நான் முதலில் கேட்காமல் போனவள்.

அந்தப் போராட்டம் முடிந்த நாளில் நர்ஸ் கூவியது, "எண்பத்தொண்ணு!"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "ஒரு கிலோவுக்காகத் திண்டுக்கல்லுக்குத் திரும்பிப் போக மாட்டேன், டாக்டர். இங்கயே உக்காந்துருவேன்."

அவர் பரிசோதனைத் தாள்களைப் புரட்டினார். கீட்டோன் இல்லை. கிரியாட்டினின் சரியான அளவில் இருந்தது. "யாரு போகச் சொன்னா? அட்மிஷன் போடுறேன், உக்காருங்க" என்றார்.

அறுவை சிகிச்சையைப் பற்றி எழுத எனக்கு அதிகம் தெரியாது. மயக்கம் தெளிந்ததும் இடது விலாவுக்குக் கீழே தீ வைத்ததுபோல் வலித்தது என்பதும், "வேலை செய்யுது" என்று யாரோ காதருகே சொன்னதும் மட்டும் நினைவிருக்கின்றன.

ஓராண்டு தாண்டிவிட்டது. மூன்று கிலோ கூடியிருக்கிறேன். மதினி பார்த்ததும் சொல்லிவிட்டார். எடை இயந்திரத்தில் ஏறுகிறேன், இறங்குகிறேன். யார் முன்னாலும் தலையைக் குனிவதில்லை. மையத்துக்கும் ஒருநாள் போய், அந்தப் பக்கவாட்டுப் படத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். சுவரில் மாட்டி விளம்பரம் தேட அது அவர்களுடைய உடம்பு அல்ல. பசி எடுக்கும்போது இது என் பசிதானா என்று இப்போது நின்று கேட்கிறேன். முன்பு அந்தக் கேள்வியே எனக்குத் தெரியாது. செவ்வாயும் வெள்ளியும் மற்ற நாட்களைப்போல் ஆகிவிட்டன. சில செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், காரணமில்லாமல், விடிவதற்குள் எழுந்து பஸ்ஸுக்குக் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருப்பேன்.

டயாலிசிஸ் நடந்த காலத்தில் அருளுக்குச் சிறுநீர் ஏறக்குறைய நின்றே போயிருந்தது. இப்போது வேலைக்குக் கிளம்பும் முன் அவன் கழிப்பறைக்குள் போவான். நான் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கதவருகே போய் நிற்பேன். உள்ளே அந்தச் சத்தம் கேட்கும், நீளமாக, தடையில்லாமல்.

"யம்மா, வெளிய நிக்கிறியா? போம்மா, வெக்கமா இருக்கு!"

அவன் தண்ணீர் ஊற்றும்வரை நிற்பேன்.