சுந்தரிக்கு ஆகாத தழை

கொச்சி கலூரில் மகள் வீட்டுப் பால்கனித் தொட்டியில் மெல்லிய பச்சைத் தாள்கள். அவளுடைய நாய் அதை முகர்ந்துகொண்டிருந்தது. பாய்ந்து தொட்டியைத் தூக்கினேன். "என்னம்மா, பாம்பா?" என்றாள். பாம்பில்லை, வெங்காய வகைப் புல்தான். கிள்ளி முகர்ந்தேன், பழைய மட்டாஞ்சேரி நினைவுக்கு வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகி விருதுநகரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்த புதிது. கணவர் மிளகுக் கிடங்குக்குப் போய்விட்டால் எனக்குத் துணை சுந்தரி என்ற பூனைதான். அடுத்த வீட்டில் சேவியர் சேட்டன், கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்ந்தவர். பிஸ்கட் டின்களில் இந்தத் தழையை வளர்த்தார். "சைவ்ஸ்" என்று அவர் சொன்னதை "சைவம்" என்று கேட்டுக்கொண்டு, அப்போ முட்டையில் போடலாமா என்று விசாரித்தேன். மனிதர் இருமல் வரும்வரை சிரித்தார். வேரோடு ஒரு பிடி கொடுத்தார்.

என் தொட்டியில் அது செழித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் ஆம்லெட். மீன் வாங்காத நாட்களில் சுந்தரிக்கும் அதையே சோற்றில் பிசைந்து வைத்தேன். எல்லாம் பாசம்தான். ஒரு வாரத்தில் அவள் சுருண்டு படுத்துவிட்டாள். ஈறு வெளுத்திருந்தது; மூத்திரம் பால் விடாத கட்டஞ்சாயா நிறம்.

சேட்டன் அவளைக் கூடையில் வைத்து, என்னையும் அழைத்துக்கொண்டு படகேறி எர்ணாகுளம் போனார். என்ன கொடுத்தேன் என்று மாட்டு டாக்டர் கேட்டார். சொன்னேன்.

"வெங்காயம், பூண்டு, இந்தத் தழை, ஒண்ணும் பூனைக்கும் நாய்க்கும் ஆகாது. வேக வைச்சாலும் ரத்தத்தைக் கெடுக்கும்."

திரும்பும் படகில் அழுதேன். சேட்டன் கூடையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "நான் தந்ததுதானே, மோளே. எல்லாத்தையும் பிடுங்கிக் களையறேன்."

"செடி என்ன பண்ணும் சேட்டா? ஊட்டினது நான்தானே."

ஆறாம் நாள் சுந்தரி ஒரு துண்டு மத்தியை நக்கினாள். பிறகு என் விரலையும் சேர்த்துக் கடித்தாள். கடி வாங்கி அப்படிச் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். சேட்டன் கப்பல் முடிச்சுப் போட்டு தம் டின்களையும் என் தொட்டியையும் அவள் எட்டாத உயரத்தில் தொங்கவிட்டார். அடுத்த வருஷம் அவள் நான்கு குட்டி போட்டாள்.

அதற்குப் பிறகு அடுப்பேற்றும் முன் சேட்டன் குரல் கொடுப்பார்: "மோளே, சுந்தரிப் பூச்சயைப் பிடிச்சு வை, நான் முட்டை பொரிக்கப் போறேன்!"

சேட்டன் வீடு இப்போது விடுதி. அடுத்த வீட்டில் சொல்லிவிட்டு முட்டை பொரிக்கிற மனிதர் அந்தத் தெருவில் இல்லை.