எந்த மாசம்?

மணியாச்சியில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்தவருக்கு அறுபது வயதிருக்கும். நகக்கண்ணெல்லாம் கரிசல் மண். கையில் ஒரு புது மண்வெட்டி. ரயில் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, காற்றில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார்.

எனக்கு மறுநாள் பரீட்சை. முதலாமாண்டுப் பாடம், நவீன சீன வரலாறு. யாராவது பேச்சுக் கொடுத்தாலே எரிச்சல் வந்தது.

“என்ன புக்கு தம்பி?”

சொன்னேன். விடவில்லை, அந்தப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்றார்.

“இரும்பு நெறைய வேணும்னு சீனாவுல ஊருக்கு ஊரு உலை போட்டு, சட்டி, மண்வெட்டி எல்லாத்தையும் உருக்கியிருக்காவ அண்ணாச்சி. சனம் பூராவும் உலைகிட்டதான் நின்னுருக்கு.”

தன் மண்வெட்டியைக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“எந்த மாசம்?”

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு.”

“வருசத்த யாரு கேட்டா? மாசத்தச் சொல்லு.”

புத்தகத்தில் தேடினேன். மாதம் போடவில்லை.

“அறுப்பு நேரமா இருந்தா கதிரு அங்கனயே உதிர்ந்து போயிருக்குமே. பொறவு அவிய என்னத்தச் சாப்பிட்டாவ?”

கோவில்பட்டி வந்துவிட்டது. பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார்.

அடுத்த பாடத்தின் தலைப்பு, பஞ்சம். அதையும் முந்தின நாளே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இரண்டு பாடத்துக்கும் நடுவே ஓர் அறுவடை கிடந்தது எனக்குத் தோன்றவே இல்லை.