விரல் தெரியணும்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அவளுக்கு அண்ணன் என்றால் உயிர். அவனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. வேறு ஊரில் வெல்டராக இருக்கும் அவனோடு அவள் பேசுவதெல்லாம் வீடியோ காலில், கைச்சாடையில்தான். ஒரு நாள் அவளுடைய ஃபோன் துணி ஊறிய தொட்டியில் விழுந்து செத்தது. வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போனாள்.

விற்பனையாளர் ஒரு ஃபோனை நீட்டினார். "ஃபோட்டோ அள்ளும்க்கா."

"எனக்கு ஃபோட்டோ வேணாம். எங்கண்ணன் வேகமா கையை ஆட்டினா விரல் தெரியணும். என் சிம்மைப் போட்டு ஒரு கால் பண்ணிப் பாக்குறேன்."

"அதெல்லாம் இங்க பழக்கமில்லக்கா."

"அப்ப இன்னைக்கு ஆரம்பிங்க. பாக்காம நகர மாட்டேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மேலாளர் வந்து கெஞ்சினார், முறைத்தார், கடைசியில் இறங்கி வந்தார். பார்வைக்கு வைத்திருந்த ஃபோன்களை வாங்கிக்கொண்டு, சிக்னல் குறைந்த மூலைக்குப் போனாள். அவள் வேலை செய்வது நிலவறையில் ஆயிற்றே!

முதல் ஃபோனில் அண்ணனின் விரல்கள் ஒன்றோடொன்று குழம்பின. அடுத்ததில் படம் அப்படியே நின்றுவிட்டது. மூன்றாவது யாரும் சீண்டாத சாதாரண ஃபோன். அதில் பத்து விரலும் பளிச்சென்று தெரிந்தன. அவன் ஏதோ கேட்க, அவள் சிரித்தாள்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் அவள் பின்னாலேயே வந்து நின்ற மேலாளர்.

"நீங்க ஏன் உம்முனு நிக்கிறீங்கன்னு கேக்குறான்."

மேலாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியோடு புது ஃபோனைக் கொண்டுவரச் சொன்னார்.

"பிரிங்க" என்றாள் அவள். "இதுலயும் பேசிப் பாத்துட்டுத்தான் போவேன்."